பால் சோறு மட்டும் பூனைக்குப் போதாது

தெனாலிராமன் பூனை வளர்த்த கதையை அறியாதவர் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. நகரில் எலித் தொல்லை மிகுந்தபோது, அரசர் வீட்டுக்கு ஒரு பூனையையும், அதற்குப் பால் கொடுப்பதற்கென்று ஒரு பசுவையும் வழங்கினார் என்றும், தெனாலிராமன் கொதிக்கும் பாலை வைத்துப் பூனையை விரட்டிவிட்டுப் பாலைத் தானே குடித்தான் என்றும் அந்தக் கதை சொல்லும். கதையைக் கேட்போர் தெனாலிராமனின் தந்திரத்தை நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால், பூனையின் உணவு பால்தான் என்று அரசர் முடிவு செய்ததைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. ஏனெனில், பூனை வளர்ப்போரில் பெரும்பாலோர் இன்றும் அவ்வாறே கருதுகின்றனர்.

நெல்லும் பயறும் தீவனமும் சேமித்து வைக்கும் உழவர் வீடுகளில் பூனைக்கு எப்போதும் இடம் உண்டு. காலையில் சிறிது பால், மதியம் தயிர்ச் சோறு, இரவில் மீந்துபோன குழம்புச் சோறு என்பதே இத்தகைய வீட்டுப் பூனைகளின் வழக்கமான உணவு. இவ்வாறு வளரும் பூனைகளில் சில, இரண்டு மூன்று ஆண்டுகளில் மெலிந்து, உரோமம் பொலிவிழந்து காணப்படும். ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாக இறக்கும். சில பூனைகள் அந்தி நேரத்தில் தூணில் மோதிக் கொள்ளும். தாவும்போது இடம் தவறி விழும். "வயதாகிவிட்டது", "சோம்பேறியாகிவிட்டது" என்று கருதி, அதைச் சாக்கில் கட்டிச் சந்தைத் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உண்டு. இக்குறைகளுக்குக் குடற்புழுவும் தொற்று நோய்களும் காரணமாக இருக்கலாம். ஆயினும், முதலில் பார்க்க வேண்டியது அதன் உணவுத் தட்டையே.

பூனை ஊன் உண்ணும் பிராணி

நாயையும் பூனையையும் ஒரே வகையாகக் கருதி, ஒரே உணவைப் பகிர்ந்து வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. நாய், மனிதனோடு வாழ்ந்து பழகியதில் தானிய உணவையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும் உடலமைப்பைப் பெற்றுவிட்டது. பூனை அவ்வாறு மாறவில்லை. இன்றைய வீட்டுப் பூனைகள் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய வறண்ட பகுதிகளில் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழிவந்தவை. மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனுடன் சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனை ஒன்றின் எலும்புகள் கிடைத்த செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் களஞ்சியத்தின் அருகில் வாழ்ந்தும், பூனை தின்றது தானியத்தை அன்று. தானியத்தைத் தின்ற எலியைத்தான்.

அதன் உடலமைப்பே இதைக் காட்டும். பற்கள் கிழிப்பதற்கும் நறுக்குவதற்கும் ஏற்றவை. அரைப்பதற்கு ஏற்றவை அல்ல. குடல் குட்டையானது. இனிப்புச் சுவையை அறியும் ஆற்றல் பூனைக்கு இல்லை என்பதும் அதற்குரிய மரபணு பழுதடைந்துள்ளது என்பதும் 2005-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. மேலும், உணவில் புரதம் குறையும்போது மற்ற பிராணிகளின் உடல் சிக்கனமாக நடந்துகொள்ளும். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளின் அளவு குறைந்துவிடும். பூனையின் ஈரலில் அந்த நொதிகள் பெரிதும் குறைவதில்லை. வருமானம் நின்ற பிறகும் செலவைக் குறைக்காத குடும்பத்தைப் போல, அது தன் சொந்தத் தசைப் புரதத்தையே கரைத்துச் செலவிடும்.

ஊனில் மட்டுமே கிடைக்கும் சத்துகள்

உடலுக்குத் தேவையான சில சத்துகளைப் பிற பிராணிகள் தாமே தயாரித்துக் கொள்கின்றன. பூனையால் அவற்றைப் போதிய அளவில் தயாரித்துக்கொள்ள இயலாது. அவற்றுள் முதன்மையானது டாரின் என்னும் அமினோ அமிலம். இது இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றில் அநேகமாக இல்லை. பசுவின் பாலிலும் கோழி முட்டையிலும் இருப்பது மிகச் சொற்பமே.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ஹேய்ஸ், கேரி, ஷ்மிட் ஆகியோர், பாலின் புரதமான கேசீனை முக்கியப் புரதமாகக் கொண்ட உணவில் வளர்க்கப்பட்ட பூனைகளின் விழித்திரை நலிவதையும், அதற்கு டாரின் பற்றாக்குறையே காரணம் என்பதையும் வெளிப்படுத்தினர். பாலைக் குடித்து வளரும் பூனைக்குக் கண் மங்குவது வியப்புக்குரியது அன்று என்பதற்கு இது சான்று. இவ்வாறு கெட்ட விழித்திரை மீண்டும் சீரடைவதில்லை. பின்னர், 1987-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பியான் என்பவரும் அவருடைய குழுவினரும், பூனைகளில் இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும் நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டனர். டாரின் கொடுத்தபோது பல பூனைகள் தேறின. அக்காலத்தில் கடைகளில் விற்கப்பட்ட சில பூனைத் தீவனங்களிலும் டாரின் போதவில்லை என்பது அப்போது தெரியவந்து, உற்பத்தியாளர்கள் அதன் அளவை உயர்த்தினர்.

டாரின் குறைந்த தாய்ப் பூனைக்குக் கருச்சிதைவு நேரலாம். குட்டிகள் எடை குறைந்தும் ஊனமுற்றும் பிறக்கலாம். இக்குறைபாடு ஓரிரு நாளில் வெளியே தெரிவதன்று. மாதக் கணக்கில் மெல்ல வளர்ந்து, கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவேதான் முன்கூட்டியே காப்பது இன்றியமையாததாகிறது.

வைட்டமின் ஏ மற்றொரு சத்து. காரட், பூசணி, கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டினை மனிதனும் பசுவும் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக் கொள்ள முடியும். பூனையால் இயலாது. அதற்கு ஈரல் போன்ற ஊன் உணவிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும். அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலமும், நியாசின் என்னும் வைட்டமினும் இத்தகையவையே.

அன்று தீங்கு நேராதது ஏன்?

"எங்கள் பாட்டி காலத்திலிருந்து பால் சோறுதான் வைக்கிறோம், அந்தப் பூனைகள் நன்றாகத்தானே இருந்தன?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அன்றைய பூனை பால் சோற்றால் வாழவில்லை. பால் சோற்றோடு வாழ்ந்தது. கூரை வீடும், மண் குதிரும், வைக்கோல் போரும் இருந்த காலத்தில் அதற்கு எலி, சுண்டெலி, பல்லி, ஓணான், வெட்டுக்கிளி எனப் பலவும் அகப்பட்டன. தட்டில் இல்லாத சத்தை அந்த இரை ஈடு செய்தது.

ஒரு சுண்டெலியின் எடை சுமார் 20 கிராம். அதில் ஏறத்தாழ 30 கிலோ கலோரி எரிசக்தி உண்டு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 240 கிலோ கலோரி தேவை. அதாவது, வேட்டையை மட்டும் நம்பி வாழும் பூனை நாள்தோறும் எட்டுச் சுண்டெலிகளாவது பிடிக்க வேண்டும். இன்று தளம் போட்ட வீடும், தகர மூடியிட்ட தொட்டிகளும், அறுவடையானதும் களத்திலிருந்தே விற்பனைக்குப் போகும் நெல்லும், ஊரெங்கும் வைக்கப்படும் எலி நஞ்சும் பூனையின் இரையைக் குறைத்துவிட்டன. இரை குறைந்த பின்னும் தட்டில் உள்ள உணவு மாறவில்லை என்பதே குறை.

கணக்குப் பார்த்தால் இது விளங்கும். 100 கிராம் சோறும் 150 மில்லி பசும்பாலும் சேர்ந்தால் ஏறத்தாழ 230 கிலோ கலோரி கிடைக்கும். பூனையின் வயிறு நிறைந்துவிடும். ஆனால் அதில் உள்ள புரதம் 8 கிராமுக்கும் குறைவு. அந்தப் பூனைக்குத் தேவையான புரதமோ 12 முதல் 16 கிராம் வரை. டாரினோ அநேகமாக இல்லை. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு.

பால் கொடுக்கவே கூடாதா?

குட்டிப் பருவம் கடந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும். இத்தகைய பூனைக்குப் பால் கொடுத்தால் வயிறு உப்பும், கழிச்சல் ஏற்படும். கழிச்சல் இல்லாத பூனைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டிப் பால் கொடுப்பதில் தவறில்லை. அது விருப்பத்திற்காகத் தரும் சிறு பண்டமே தவிர, உணவு அன்று. தண்ணீருக்கு மாற்றும் அன்று.

பசித்த பூனைதான் எலி பிடிக்குமா?

வயிறாரப் போட்டால் பூனை எலி பிடிக்காது என்ற எண்ணம் உழவர்களிடையே வலுவாக உள்ளது. இதனால் வேண்டுமென்றே பட்டினி போடுவோரும் உண்டு. பூனைக்கு வேட்டையாடும் உந்துதலும் பசியும் பெரும்பாலும் தனித்தனியானவை. 1976-ஆம் ஆண்டில் அடமெக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், தமக்கு விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளும் எலியைக் கண்டதும் உணவை விட்டு எழுந்து சென்று அதைக் கொன்றன.

பண்ணைகளில் பூனையின் பயனை இங்கிலாந்தில் ஆராய்ந்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன். 1953-இல் வெளியான அவருடைய ஆய்வு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. எலிகள் ஏற்கெனவே பெருகிவிட்ட பண்ணையைப் பூனைகளால் மட்டும் எலியற்றதாக்க இயலவில்லை. ஆனால், எலிகளை ஒருமுறை வேறு வழிகளில் ஒழித்துவிட்ட பின், வீட்டிலும் உணவு கொடுத்து வளர்க்கப்பட்ட பூனைகள் அவை மீண்டும் குடியேறாமல் காத்தன. உணவு கிடைக்கும் இடத்தில் பூனை தங்கும். தங்கும் இடத்தைக் காக்கும். பட்டினி கிடக்கும் பூனை ஊரைச் சுற்றும். அண்டை வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கும்.

இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக் கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனம் பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை சுமார் 36 விழுக்காடு குறைந்தது என்று கண்டனர். எனவே, நல்ல உணவு வேட்டையை ஓரளவு குறைக்கக் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பூனைகள் வேட்டையை விட்டுவிடவில்லை. கண் மங்கி இதயம் தளர்ந்த பூனையோ ஓர் எலியையும் பிடிக்கப் போவதில்லை. முழுதாக வளர்ந்த பெருச்சாளியைப் பெரும்பாலான பூனைகள் நெருங்குவதில்லை என்பதையும், மூஞ்சூறைக் கொன்றாலும் அதன் நாற்றத்தால் தின்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டில் தயாரிக்கும் உணவு

கோழி இறைச்சி கிடைக்கும் இடங்களில் அதிகச் செலவின்றிப் பூனைக்கு நல்ல உணவு தயாரிக்கலாம். நான்கு கிலோ எடையுள்ள, வளர்ந்த பூனை ஒன்றுக்கு ஒரு நாளைக்கான அளவு:

எலும்பு நீக்கிய கோழித் தொடை இறைச்சி – 120 கிராம்
கோழி இருதயம் – 30 கிராம்
கோழி ஈரல் – 10 கிராம்
குழைய வேகவைத்த சோறு – 20 கிராம் (ஒரு பெரிய கரண்டிக்கு மேல் வேண்டாம்)
சமையல் எண்ணெய் – அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக
முட்டை ஓட்டுத் தூள் – 1 கிராம் (கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு)

இறைச்சி அளவுகள் சமைப்பதற்கு முந்தைய எடை. கோழியின் மார்புக் கறியைவிடத் தொடைக் கறியிலும் இருதயத்திலும் டாரின் மிகுதி. டாரின் நீரில் கரையும் தன்மையுடையது. ஆதலால், குறைந்த நீரில் வேகவைத்து, வெந்த நீரையும் கீழே கொட்டாமல் உணவோடு சேர்த்துப் பிசைந்து கொடுக்க வேண்டும். உப்பு, மிளகாய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது.

முட்டை ஓட்டை வேண்டாத பொருள் என்று கருதலாகாது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. காட்டில் பூனை எலியை எலும்போடு தின்பதால் இக்குறை நேர்வதில்லை. எலும்பில்லாத கறியை மட்டும் தின்று வளரும் குட்டியின் எலும்புகள் மென்மையாகிக் கால்கள் வளையும். சிறிது உயரத்திலிருந்து குதித்தாலும் முறியும். ஓட்டை நன்கு கழுவி, கொதிநீரில் சில நிமிடங்கள் இட்டு, உலர்த்தி, மாவுபோல் அரைத்துச் சலித்து வைத்துக் கொள்ளலாம்.

மேற்கூறிய உணவிலும் அயோடின், வைட்டமின் ஈ போன்றவை போதிய அளவில் இரா. எனவே, நாள்தோறும் வீட்டு உணவையே கொடுப்போர், பூனைகளுக்கென்று விற்கப்படும் டாரின் சேர்ந்த தாது, வைட்டமின் கலவையைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி சேர்க்க வேண்டும். அல்லது, ஒரு வேளை வீட்டு உணவும் மறுவேளை முழுச் சத்துள்ள கடைத் தீவனமும் கொடுக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகவைத்த முட்டை ஒன்றில் பாதியைச் சேர்த்து, இறைச்சியைச் சிறிது குறைத்துக் கொள்ளலாம். பச்சை முட்டை வேண்டாம்.

பூனை ஒரே வேளையில் நிறையத் தின்னும் பிராணி அன்று. நாளைய உணவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, இளஞ்சூட்டில் வைப்பது நல்லது. மீந்ததைத் தட்டிலேயே விட்டுவைத்தால் வெயில் காலத்தில் விரைவில் கெட்டுவிடும்.

மீனும் கருவாடும் ஈரலும்

மீன் நல்ல உணவே. நெத்திலி, சாளை, கெண்டை, ஜிலேபி ஆகியவற்றை உப்பின்றி வேகவைத்து, பெரிய முள்ளை நீக்கிக் கொடுக்கலாம். பச்சை மீனைத் தொடர்ந்து கொடுப்பது தவறு. கெண்டை முதலிய பல மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் என்னும் நொதி உள்ளது. இவ்வைட்டமின் குறைந்த பூனை உணவை மறுக்கும், தள்ளாடும், தலையைக் கீழே தொங்கவிடும், பின்னர் வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

கொழுப்பு மிகுந்த மீனை மட்டும் நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலிக்கும் நோய் உண்டாகும். எனவே, மீனை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தர வேண்டாம். கருவாட்டில் உப்பு மிகுதி. அதைத் தவிர்த்தலே நலம்.

ஈரலைப் பூனை மிகவும் விரும்பும். ஒருமுறை பழகிவிட்டால் வேறு எதையும் தொடாது. மாதக்கணக்கில் ஈரலே உணவானால் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூனை தலையைத் திருப்ப இயலாமற் போகும். குறைந்தாலும் தீமை, மிகுந்தாலும் தீமை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சைவ உணவு உண்ணும் வீடுகளில்

இறைச்சி சமைக்காத வீடுகளிலும் பூனை உண்டு. இவ்வீட்டினர் பால், தயிர், பருப்புச் சோறு ஆகியவற்றை அன்போடுதான் கொடுக்கின்றனர். ஆனால் மனிதனுக்குப் பொருந்தும் சைவ உணவு பூனைக்குப் பொருந்தாது. பருப்பையும் நெய்யையும் எவ்வளவு கூட்டினாலும் டாரின் குறை நீங்காது. இங்கே இரண்டு வழிகளே உள்ளன. சமைக்க வேண்டிய தேவையில்லாத, முழுச் சத்துள்ள கடைத் தீவனத்தை வாங்கி, தனித் தட்டில் வெளித் திண்ணையில் வைக்கலாம். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் பூனையை வளர்க்காமல், எலிக்கு வேறு பாதுகாப்புச் செய்துகொள்வதே அந்தப் பிராணிக்குச் செய்யும் நன்மை.

கடைத் தீவனம் வாங்கும்போது

கவர்ச்சியான படத்தைப் பார்த்து வாங்காமல், உறையிலுள்ள விவரங்களைப் படித்து வாங்க வேண்டும். பூனைக்கென்றே தயாரிக்கப்பட்டதாகவும், முழுமையான, சரிவிகிதமான உணவு என்று குறிப்பிட்டதாகவும் இருக்க வேண்டும். இடையிடையே தரும் சிற்றுண்டி வகைகளில் இக்குறிப்பு இராது. அமெரிக்கத் தர அளவின்படி, ஈரப்பதம் நீக்கிய எடையில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 விழுக்காடும் குட்டிகளுக்கு 30 விழுக்காடும் புரதம் இருத்தல் வேண்டும். உலர் தீவனத்தில் டாரின் 0.1 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சேர்மானப் பட்டியலில் கோழி, மீன் போன்ற ஊன் பொருள் முன்னணியில் இருப்பது நல்லது. காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

நாய்த் தீவனம் விலை மலிவாயிருக்கிறது என்று அதையே பூனைக்கும் வைக்கலாகாது. அதில் பூனைக்குத் தேவையான அளவு புரதமோ டாரினோ இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு மூன்று நாள் அரைப் பங்கு, பின்னர் முக்கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாள்களில் மாற்ற வேண்டும். "பசித்தால் தானே தின்னும்" என்று பட்டினி போடுவது ஆபத்து. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உணவு கொள்ளாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே இடையூறு நேரலாம்.

தண்ணீர்

வறண்ட நிலத்தில் தோன்றிய பிராணியாதலால் பூனைக்குத் தாக உணர்வு குறைவு. அதன் இயற்கை இரையான எலியின் உடலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். உலர் தீவனத்திலோ பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எனவே, உலர் தீவனம் தின்னும் பூனைக்குத் தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அகன்ற மண் சட்டியில் நாள்தோறும் புதுநீர் ஊற்றி, உணவுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். உலர் தீவனத்தை நீரில் ஊறவைத்தும் கொடுக்கலாம்.

நீர் குறைந்தால் சிறுநீரில் மணல் போன்ற உப்புகள் படியும். ஆண் பூனைகளில் சிறுநீர்க் குழாய் குறுகலாயிருப்பதால் அடைப்பு ஏற்படும். பூனை அடிக்கடி மண்ணைத் தோண்டி உட்கார்ந்து, முக்கி முனகி, சிறுநீர் வராமல் எழுந்தால், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஓரிரு நாள் தாமதமும் உயிரைப் போக்கும்.

குட்டிகளும் சினைப் பூனையும்

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். சினையின் பிற்பகுதியில் உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பல குட்டிகளுக்குப் பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை தேவைப்படும்.

தாயை இழந்த குட்டிகளுக்குப் பசும்பால் கொடுப்பது வழக்கம். பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே, பூனைக் குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால் தூளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. நான்காம் வாரத்திலிருந்து வெந்த கோழிக் கறியை மைய அரைத்துப் பழக்கி, எட்டாம் வாரத்தில் முழு உணவுக்கு மாற்றலாம். மருத்துவர் கூறும் முறையில் குடற்புழு நீக்கமும், வெறிநோய் முதலியவற்றிற்கான தடுப்பூசியும் செய்துவிட வேண்டும். வயிற்றில் புழு இருந்தால், நல்ல உணவும் வீணே.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும். குழம்புச் சோறும் பிரியாணி மிச்சமும் பூனைக்கு ஆகாது என்பதற்கு இதுவே காரணம். வேகவைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாக்லேட், காபி, தேநீர் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்கு மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக் கூடும். பச்சை இறைச்சியால் பூனைக்குத் தொற்றும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி, கருவுற்ற பெண்களின் சிசுவைப் பாதிக்க வல்லது. எனவே, இறைச்சியை வேகவைத்தே கொடுக்க வேண்டும். பூனையின் கழிவை நாள்தோறும் அகற்ற வேண்டும். அந்த வேலையைக் கருவுற்ற பெண்கள் செய்யலாகாது.

எலி நஞ்சு வைக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. புரோமடியோலோன் வில்லைகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். அதைப் பூனை எளிதில் பிடித்துத் தின்னும். பின்னர் பூனைக்கும் இரத்தம் உறையாமல் கசிவு ஏற்படும். உரிய காலத்தில் கொண்டு சென்றால் வைட்டமின் கே1 மருந்தால் காப்பாற்றலாம். பூனை வளர்க்கும் வீட்டிலும் களத்திலும் எலிப் பொறிகளைப் பயன்படுத்துவதே நலம். நஞ்சு வைத்தே ஆக வேண்டுமெனில், பூனையைச் சில நாள் அடைத்து வைத்து, செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழப் புதைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

மாதம் ஒருமுறை பூனையைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. கருத்தடை செய்த பூனைக்கு உணவுத் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அதற்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். உரோமம் பளபளப்பாகவும், மலம் இறுகியும் இருந்தால் உணவு ஏற்றது என்று கொள்ளலாம். மங்கிய வெளிச்சத்திலும் கண்மணி அகல விரிந்தே இருப்பது இயல்பு. நல்ல வெளிச்சத்தில் அது சுருங்காமல் விரிந்தே நின்றாலோ, பூனை பொருள்களில் மோதிக் கொண்டாலோ, சிறிது ஓடியதும் மூச்சிரைத்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பசுவுக்குப் பச்சைப் புல்லும் பிண்ணாக்கும் அளவறிந்து வைக்கும் உழவர் பெருமக்கள், களஞ்சியத்தைக் காக்கும் பூனைக்கும் அதன் இனத்துக்குரிய உணவை அறிந்து கொடுப்பது கடினமன்று. நாளைக்கு ஒரு கைப்பிடி கோழிக் கறியும் அதே கறி வெந்த நீரும் தட்டில் விழுந்தால், அந்தப் பூனையின் கண்ணும் இதயமும் காக்கப்படும், தானியமும் காக்கப்படும்.